ஆட்சேபம் நிலுவையில் உள்ள மரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, தீயணைப்புப் படையின் பழைய கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, முப்பத்திரண்டு மீட்டர் நீளமான ஒரு மரத்துக்குக் காவலாக உருத்திரமூர்த்தி உட்கார்ந்திருந்தார். மரத்தின் அடி கொட்டகைக்குள் கிடந்தது. மிச்சம் பின்கதவு வழியே வெளியேறி, பக்கத்து வளவின் ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் போய் முடிந்தது. அடியிலிருந்து நுனிவரை வெள்ளையும் நீலமும் சுற்றிச் சுற்றிப் பூசியிருந்தார்கள். அதில் இரண்டு மீட்டர் அவர் பூசியது. எந்த இரண்டு மீட்டர் என்று கேட்டால் எழும்பிப் போய்க் காட்டுவார். கேட்கத்தான் ஆளில்லை. மோசெரிங் ஊரின் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் தேவாலயத்தில் இருந்தார்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மே மாதம் முதலாம் திகதி, பவேரியாவில் ஒவ்வொரு ஊரும் தன் நடுவில் இப்படி ஒரு மரத்தை நிமிர்த்தும். அதுவரை அதைக் காவல் காக்கவேண்டும், ஏனென்றால் பக்கத்து ஊர்க்காரர் திருடுவார்கள். திருடினால் பொலிசுக்குச் சொல்லக்கூடாது. பேச்சுவார்த்தை நடத்தி, பியரும் இறைச்சியும் கொடுத்து மீட்கவேண்டும். ஆனால் திருட வந்தவர்கள் மரத்தைத் தூக்குவதற்கு முன் காவலாளி அதன்மேல் கையை வைத்து, “மரம் இங்கேயே இருக்கும்” என்று சொல்லிவிட்டால் போதும். வந்தவர்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடவேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜெர்மனியில் எழுதிவைக்காத ஒரே சட்டம் இதுதான் என்று உருத்திரமூர்த்தியின் மகன் மதீசன் சொல்வான். அவன் கார்ஹிங்கில் கணினியியல் படிக்கிறான். பஸ்ஸிலும் பிறகு யூ-பான் சுரங்க ரயிலிலும் போய் வருகிற ஒன்றேகால் மணி நேரத்தில் இப்படியான வசனங்களைத் தயாரிக்கிறான்.

அன்று பிள்ளைகளின் முதல் நற்கருணை நாள். ஏழு பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு மெழுகுதிரி பிடிக்க, ஏழு பிள்ளைகளின் சொந்தக்காரரும், அதாவது முழு ஊரும், உள்ளே இருந்தாகவேண்டும். வாத்தியக் குழுவும் உள்ளே. யார் மரத்தைப் பார்ப்பது என்று இளைஞர் சங்கம் கூடி யோசித்தது. அதன் தலைவன் கொர்பினியன் புதன்கிழமை பின்னேரம் வந்து உருத்திரமூர்த்தியின் வீட்டு மணியை அடித்தான். முப்பத்தொரு வருடமாக ஊருக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமல் கிடந்த உருத்திரமூர்த்தியின் சைவ சமயம் அன்றைக்குத்தான் முதன்முறையாக நிர்வாகத் தேவையானது.

அவர் மனைவி சிவமலர் உடனே பீலெஃபெல்டில் இருக்கும் தமக்கைக்குப் போன் அடித்தாள். “இவரை மரத்துக்குக் காவல் விட்டிருக்கினம், அக்கா. சும்மா ஆக்களை விடமாட்டினம்.”

“மரத்துக்கோ? ஏன், ஓடிப்போயிடுமோ?”

“உங்களுக்கு விளங்காதக்கா. நீங்கள் டவுனில இருக்கிறனீங்கள்.”

இந்தப் பதிலில் உருத்திரமூர்த்திக்கு மார்பு கொஞ்சம் அகன்றது. அவர் ஊராட்சியின் வேலைத்தளத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவர். கோடையில் புல்லு, மாரியில் உப்பு, இடையில் எல்லாம். எந்த ஒழுங்கைக்குக் கடைசியாக எப்போது தார் ஊற்றினார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். தேவாலயத்தின் வெங்காய வடிவக் கோபுரத்தின் செம்புத் தகடு எந்தப் பக்கம் முதலில் பச்சை பிடித்தது என்பதும், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டில் தொடங்கிய தீயணைப்புப் படை இதுவரை எத்தனை தீயை அணைத்தது என்பதும் (பதினொன்று, அதில் இரண்டு அவர்களே மூட்டியது) தெரியும். மோசெரிங்கில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கார் ஓட்டிப் போகிறவர்கள் நினைப்பார்கள். அது உண்மைதான். ஒரு பேக்கரி, ஒரு சாப்பாட்டுக் கடை, சிகரெட் விற்கிற ஒரு இயந்திரம், பசுக்கள். இளவரசர் ஒருவரின் குதிரை லாடத்தைத் தொலைத்த இடத்தில் ஒரு கல். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றிப் புல்லை வட்டமாக வெட்டுவது உருத்திரமூர்த்தி. மேற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ரைட்டல்பாஹ்வில் எல்லைக்கல்லைச் சுற்றிக்கூடச் சதுரமாக வெட்டுவார்கள். உப்பும் அப்படித்தான், மேடு மேடாகக் கொட்டுவார்கள். இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து மே மரத்தையே கிரேன் வைத்து நிமிர்த்துகிற ஊர் அது. அதைப் பற்றி அவர் பேச விரும்புவதில்லை, பேசினால் நிறுத்தமாட்டார்.

பத்தரைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். உழவு இயந்திரமும் மரம் ஏற்றுகிற நீண்ட வண்டியும் பின்னால் வந்தன. எல்லோரும் தோல் காற்சட்டையும் சலவை வெள்ளைச் சட்டையுமாக இருந்தார்கள். நற்கருணைக்கு வந்தவர்கள்போல அப்படி ஒரு சுத்தம். முன்னால் வந்தவர் தொப்பியைக் கழற்றினார். சிவந்த முகம், நரைத்த மீசை.

“வணக்கம், மூர்த்தி ஐயா. காலமையே வந்து இருக்கிறியள், களைப்பாயிருக்குமே.”

அவர் பேசியது கடும் பவேரியப் பேச்சு. ஆனால் முப்பத்தொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, அது உருத்திரமூர்த்தியின் காதுக்குள் நுழையும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அதிலும் இந்த மனிதர் ‘ஐயா’ போட்டுப் பேசினார். ஊரில் எல்லோரும் அவரை வெறும் மூர்த்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

உருத்திரமூர்த்தி கதிரையிலிருந்து எழும்பினார். கை மரத்தை நோக்கிப் போனது. உண்மையாகவே போனது; ஒரு சாண் மிச்சம் இருந்தது. அப்போது மீசைக்காரர் ஒரு தாளை நீட்டினார்.

கொர்பினியன் அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆட்கள் பகிடி விடுவார்கள், பியர் தருவார்கள், வயிற்றுக்குத்து என்று நடிப்பார்கள், ஒன்றுக்கும் அசையக்கூடாது. ஆனால் தாள் நீட்டுவார்கள் என்று அவன் சொல்லவில்லை. அவன் அந்த ஊரில் பிறந்தவன். தாள் அவனை ஒன்றும் செய்ததில்லை. உருத்திரமூர்த்திக்கோ இந்த நாட்டில் கிடைத்த முதல் கட்டில், முதல் வேலை, சிவமலரைக் கூப்பிட்ட விசா, மதீசனின் பிறப்புச் சான்று, எல்லாமே ஒரு தாளில் ஒரு வட்ட முத்திரை விழுந்த பிறகுதான் நடந்தன. நடக்காமல் போனவையும் அப்படியே. தாளை நீட்டினால் அவர் இரண்டு கையாலும் வாங்குவார்.

‘மரத்தண்டு ஒன்றை இடம் மாற்றுவது தொடர்பான அறிவித்தல்’ என்று தலைப்பு. கீழே கோப்பு இலக்கம். அதன் கீழே மூன்று பந்தி. ஒவ்வொன்றும் வினைச்சொல்லைக் கடைசிவரை ஒளித்துவைத்த நீண்ட வசனம். அடியில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, நடுவில் சிறகு விரித்த ஒன்று. ‘மேற்படி தண்டைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பவர்’ என்று ஒரு கோடு. உருத்திரமூர்த்தி கண்ணாடியைப் போட்டு ஒழுங்காக வாசித்தார். பிழை ஒன்றும் இருக்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நீண்ட வண்டி கொட்டகை முன்றிலில் திரும்ப இடமில்லாமல் தடுமாறியது. இருபத்தாறு வருட அனுபவம் சும்மா நிற்குமா. அவர் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, இடம், வலம், இன்னும் கொஞ்சம், நில்லுங்கோ என்று, ஒரு ஆப்பிள் கொப்பும் முறியாமல் முப்பத்திரண்டு மீட்டரையும் வெளியே எடுத்துவிட்டார். பதினொரு பேரும் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். தாளின் பிரதி ஒன்றையும் முறைப்படி தந்துவிட்டுத்தான் போனார்கள்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. வாத்தியக் குழு முன்னால், ஏழு வெள்ளைப் பிள்ளைகள் நடுவில், ஊர் பின்னால் என்று ஊர்வலம் வந்து, கொட்டகை முன்னால் நின்றது. பெரிய குழல் ஊதுகிறவர் மட்டும் இன்னும் இரண்டு சுரம் ஊதினார். அவருக்கு முன்னால் நின்ற கொடி மறைத்துவிட்டது.

கொர்பினியன் உள்ளே பார்த்தான். பின்கதவு வழியாக ஆப்பிள் மரங்களைப் பார்த்தான். உருத்திரமூர்த்தி அவனிடம் தாளின் பிரதியைக் கொடுத்தார். அவன் வாசித்தான். மடித்தான். திருப்பிக் கொடுத்தான். “சரி, மூர்த்தி,” என்றான்.

ஒருவரும் திட்டவில்லை. பவேரியாவில் திட்டினால் அது அன்பு. பேசாமல் போனால்தான் விஷயம் பெரிது. அறுநூறு பேர் பேசாமல் சாப்பிடப் போனார்கள்.

வீட்டில் சிவமலர் இரண்டு தரம் சோறு போட்டு இரண்டு தரம் மூடிவைத்தாள். மதீசன் தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.

“அப்பா. இந்த முத்திரையைப் பாத்தனீங்களோ?”

“பாத்தன். கழுகு. அரசாங்கத்தின்ர.”

“இது முயல்.”

“சிறகு விரிச்சுக்கொண்டு நிக்குது, நீ என்ன கதைக்கிறாய்?”

“அது காது, அப்பா. சுத்தி எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. ரைட்டல்பாஹ் முயல் வளர்ப்போர் சங்கம். ஆரம்பம் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொண்டு.”

உருத்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். காதுதான். நல்ல நீளமான காது.

“நீங்கள் கையெழுத்து மட்டும் வைச்சனீங்களோ,” சிவமலர் கேட்டாள், “இல்லாட்டி தேத்தண்ணியும் குடுத்தனீங்களோ?”

“பிளாஸ்கில கொஞ்சம்தான் கிடந்தது.”

மதீசன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் அவனுக்குக் கண் கலங்கியது. பிறகு அதையும் நிறுத்திவிட்டு ஒரு கதை சொன்னான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அறுபத்தேழாம் ஆண்டு காவலிருந்த ஒருவர் நித்திரையாகி மரத்தைப் பறிகொடுத்தார். அவருடைய பேரன் இன்றைக்கும் தூங்கி வீட்டுப் பெடியன். பேரன் பல் வைத்தியன். ஒரு நாளும் மத்தியானம் படுக்காதவன். என்றாலும் தூங்கி வீட்டுப் பெடியன்தான்.

“எங்களுக்கு என்ன பேர் வரும் எண்டு யோசிக்கிறன்,” என்றான் மதீசன். “எனக்குப் பிள்ளை பிறந்தால் முத்திரை வீட்டுப் பிள்ளை.”

உருத்திரமூர்த்திக்கு இருபத்தாறு வருடம் பனி தள்ளிச் சேர்த்த ஒரு பெயர் இருந்தது. மூர்த்தி தள்ளின ரோட்டு என்று சொல்வார்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்பது அர்த்தம். அந்தப் பெயர் ஒரு முயலிடம் போகப் போகிறது. அவர் தாளை மேசையில் விரித்து, பழைய காலத்தில் வக்கீல் சொல்லித் தந்ததுபோல, அடியிலிருந்து மேலே வாசிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அவருக்கு வந்த கடிதங்களை அப்படித்தான் வாசிக்கவேண்டும். மேலே இருப்பது வணக்கம். கீழேதான் நாடு கடத்தல்.

அடியில் கையெழுத்து. அதற்குமேல் முத்திரை. அதற்குமேல் இருக்கவேண்டிய ஒன்று இல்லை.

மூன்று தரம் பார்த்தார். இல்லை.

“தம்பி,” என்றார். “உந்தக் கொம்ப்யூட்டரைத் திற. நான் சொல்லச் சொல்ல எழுது.”

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ரைட்டல்பாஹ் சாப்பாட்டுக் கடையில் பேச்சுவார்த்தை. கொர்பினியனும் இன்னும் இரண்டு பேரும் போவதாக இருந்தது. தானும் வருவதாக உருத்திரமூர்த்தி சொன்னபோது, கொர்பினியன் அவருடைய காலணியைப் பார்த்தான். கோவிலுக்குப் போகிற காலணி. பிறகு காரின் முன்கதவைத் திறந்துவிட்டான்.

மீசைக்காரரின் பெயர் ஃபெர்டினாண்ட். முயல் வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்தான். நிபந்தனைகளை எழுதி வைத்திருந்தார். பியர் இருநூறு லீட்டர். அறுபது பேருக்குப் பன்றி வாட்டல். இவை வழக்கமானவை, கொர்பினியன் தலையாட்டிக்கொண்டே போனான். மூன்றாவதுதான் புதிது. மோசெரிங்கின் மரத்தில், ஆள் உயரத்தில், ஒரு பலகை தொங்கவேண்டும். மரம் நிற்கும் ஐந்து வருடமும் தொங்கவேண்டும். ‘இம்மரத்தைக் கையெழுத்திட்டு ரைட்டல்பாஹ்விடம் ஒப்படைத்தவர்: திரு. மூர்த்தி.’ பலகை ஏற்கெனவே செய்தாயிற்று. நல்ல ஓக் பலகை. எழுத்தைச் செதுக்கி, மேலே ஒரு சின்ன முயலும் வைத்திருந்தார்கள்.

“பலகை வேண்டாம்,” என்றான் கொர்பினியன். “முந்நூறு லீட்டர் தாறம்.”

“பலகைதான் முக்கியம்.”

“நானூறு.”

உருத்திரமூர்த்தி கொர்பினியனைத் திரும்பிப் பார்த்தார். நேற்று ஒரு சொல்லுக்குமேல் பேசாத பெடியன், தன் சங்கம் ஒரு வருடத்தில் குடிக்கிற பியரை அவருடைய பெயருக்காகப் பணயம் வைத்துக்கொண்டிருந்தான். அவர் சட்டைப் பையிலிருந்து கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

“உங்கட அறிவித்தலுக்கு என்ர ஆட்சேபம்,” என்றார்.

ஃபெர்டினாண்ட் உறையைத் திறந்தார். மேலே அவர்களுடைய கோப்பு இலக்கம் சரியாகப் போட்டிருந்தது. அதைக் கண்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கடிதம் நல்ல கடிதம்,” உருத்திரமூர்த்தி சொன்னார். “ஆனால் இதுக்கு எதிரா எங்க, எத்தினை நாளுக்குள்ள முறைப்பாடு செய்யலாம் எண்ட பந்தி அடியில இல்லை. அது இல்லாட்டி ஆட்சேபிக்க ஒரு வருஷம் இருக்கு. நான் அடுத்த நாளே ஆட்சேபிச்சிட்டன். ஆட்சேபிச்சால் முடிவு வரும் வரைக்கும் ஒண்டும் நடைமுறைக்கு வராது. அதுவரைக்கும் சம்பந்தப்பட்டவர் இருந்த இடத்திலதான் இருக்கவேணும்.”

“ஆர் சம்பந்தப்பட்டவர்?”

“மரம்.”

கடையில் இருந்த ரைட்டல்பாஹ்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. அது நல்ல அறிகுறி. மூலையில் இருந்த சங்கச் செயலாளர் எழும்பி வந்தார். வரித் திணைக்களத்தில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற மெலிந்த மனிதர். தாளை வாங்கி, தன் அறிவித்தலின் பக்கத்தில் வைத்து, விரலை ஓடவிட்டு வாசித்தார். காது மெல்லச் சிவந்தது. அந்தப் பந்தியை விட்டது அவர்தான்.

“சரியாத்தான் கிடக்கு, ஃபெர்டினாண்ட்,” என்றார். “ஒண்டும் செய்ய ஏலாது.”

“இது மே மரம். இதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லை.”

“முத்திரை குத்தினது நாங்கள்தானே.”

ஃபெர்டினாண்ட் மீசையை இரண்டு பக்கமும் இழுத்தார். “முடிவு எடுக்கிறது ஆர்?”

“உங்கட சங்கத்தின்ர பொதுக்கூட்டம்.”

“அது நவம்பரிலதான்.”

“அவசரமில்லை,” என்றார் உருத்திரமூர்த்தி. “என்ர அகதி வழக்கு பதினொரு வருஷம் கிடந்தது. இண்டைக்கு அனுப்புறம், நாளைக்கு அனுப்புறம் எண்டு ஒவ்வொரு ஆறு மாதமும் கடிதம் வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் இப்பிடி ஒண்டு எழுதிக் குடுத்தன். பதினொரு வருஷமும் மோசெரிங்கில இருந்து என்னை ஒருத்தரும் அசைக்கேல்லை. அந்த ஊருக்கு நல்ல பிடிப்பு.”

செயலாளர் தன் பேனையை எடுத்து, ஆட்சேபத்தின் மூலையில் திகதியைப் போட்டு, ‘கிடைக்கப்பெற்றது’ என்று எழுதினார். பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார். முயல் விழுந்தது.

வெளியே வந்ததும் கொர்பினியன் நின்றான். திரும்ப உள்ளே போய், “இருநூறு லீட்டரும் வரும்,” என்று சொல்லிவிட்டு வந்தான். பியர் இல்லாமல் மீட்டால் அது சட்டம். பியர் கொடுத்து மீட்டால்தான் வழக்கம். காருக்குள் ஏறி, மோசெரிங் எல்லைப் பலகை தாண்டும் வரைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. பிறகு திட்டத் தொடங்கினான். முயலுக்கும் கழுகுக்கும் வித்தியாசம் தெரியாத மாடு, அரை விசர், தேத்தண்ணி ஊத்திக் குடுத்து மரத்தை வழியனுப்பின மாப்பிள்ளைத் தோழன் என்று, மூச்சு விடாமல், பேக்கரி வரைக்கும் திட்டினான். உருத்திரமூர்த்தி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் ரைட்டல்பாஹ்காரர் பதினொரு பேரும் மரத்தைத் தாங்களே கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தார்கள். வண்டி திரும்பத் தடுமாறியபோது உருத்திரமூர்த்தி உதவிக்குப் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மே முதலாம் திகதி வெயில் எறித்தது. கிரேன் இல்லை. மரத்தைத் தாங்க, நுனியில் கயிறு போட்டுப் பிணைத்த இரட்டைக் கம்புகள், கம்புக்கு நாலு பேர், மொத்தம் நாற்பது ஆம்பிளைகள். கொர்பினியன் மேசைமேல் ஏறி நின்று குரல் கொடுக்க, ஒரு குரலுக்கு ஒரு முழம் என்று மரம் எழும்பியது. உருத்திரமூர்த்தியின் கம்பில் ஒரு ஆள் குறைந்தது. பியர் குடிக்க வந்திருந்த ஃபெர்டினாண்ட் கிளாஸை வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். இது கை வேலை, பாத்துப் பிடியுங்கோ என்று உருத்திரமூர்த்தி அவருக்குச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

பாதிச் சரிவில் ஓய்வு. ஓய்வு என்றால் ஒருவரும் விடக்கூடாது. அப்படியே தாங்கி நிற்கவேண்டும். மேலே காற்று பிடித்தது. முப்பத்திரண்டு மீட்டர் நீளத்துக்கும் மரம் மெல்ல அதிர்ந்தது. அந்த அதிர்வு கம்பு வழியே உள்ளங்கைக்குள் வந்தது. தாங்குகிறவர்களுக்கு மரம் தெரியாது. உருத்திரமூர்த்திக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் பிடரி மட்டும்தான். நுனி எந்த உயரத்தில் நிற்கிறது, கோபுரத்தைத் தாண்டிவிட்டதா என்று அவருக்கு அறியவேண்டும்போல இருந்தது. தலையைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பிச் சிவமலரைத் தேடினார்.

அவள் அக்காவுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். போனை நிமிர்த்திப் பிடித்திருந்தாள்; மரம் முழுதாக அதற்குள் அடங்கவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். பிறகு இன்னொரு அடி. சாப்பாட்டுக் கடையின் வாங்குகளைத் தாண்டி, பேக்கரி வாசலைத் தாண்டி, பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு நாயைச் சுற்றிக்கொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தாள். தெரு முடிந்தது. அதற்கப்பால் எண்ணெய்க்கு விதைத்த ராப்ஸ் வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அவள் அதற்குள்ளும் இறங்கினாள். மேசைமேல் கொர்பினியன் அடுத்த குரலுக்கு மூச்சை இழுத்தபோது, சிவமலர் இடுப்பளவு மஞ்சளுக்குள் நின்று, இடது கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கோ என்று ஊர் முழுவதுக்கும் சைகை காட்டிவிட்டு, இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தாள்.